மறைத்து வைத்த பெட்டியும் மனத் துயரும்

கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடாத தமிழ்க் குழந்தை ஒரு காலத்தில் கிடையாது. தெரு மண்ணை முழ நீளத்துக்குக் கரை போலக் குவிப்பார்கள். ஒரு பிள்ளை சின்னஞ்சிறு குச்சி ஒன்றை அந்த மண்ணுக்குள் நுழைத்து, இங்கே விடுவது போல அங்கே விட்டு, அங்கே விடுவது போல இங்கே விட்டு, எங்கோ ஓர் இடத்தில் ஒளித்துவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை இரண்டு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் என்று தோன்றும் இடத்தின் மேல் பொத்த வேண்டும். தோற்ற பிள்ளையின் கை நிறைய மண்ணை அள்ளி வைத்து, அதில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி எங்கெங்கோ சுற்றி அழைத்துப் போய்க் கொட்டச் செய்வார்கள். திரும்பி வந்தபின், கொட்டிய இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள்.

உலகம் முழுவதையுமே அந்த மண் கரையாக ஆக்கிக்கொண்டு இன்று பெரியவர்கள் ஆடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங். குச்சிக்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி. ஒளித்து வைத்தவர் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் அறிவிப்பார். கையில் செல்போன் உள்ளவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். பெட்டி கிடைத்தால், உள்ளே இருக்கும் குறிப்புப் புத்தகத்தில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே பெட்டியை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பரிசும் இல்லை, பந்தயமும் இல்லை.

பொழுதுபோக்கு என்ற அளவில் இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் வீட்டில் சாவு நேர்ந்து மனம் உடைந்து போனவர்களில் சிலர், இந்தப் பெட்டி தேடும் வேலையில் ஆறுதல் கண்டிருக்கிறார்கள். மறைந்தவர் நினைவாகப் பெட்டி வைப்பதும், அவர் பெயரில் ஒரு பொருளை ஊர் ஊராக அனுப்புவதும் இந்த விளையாட்டில் ஒரு வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. பெட்டி தேடுவதற்கும் துக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? ஊரை விட்டு வந்து பிழைப்பவர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்ப்பது நல்லது.

ஞாயிற்றுக்கிழமைப் பாரம்

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், பெங்களூரில் இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. கணவர் பீன்யாவில் ஒரு கம்பெனியின் கிடங்கில் குமாஸ்தா. குடியிருப்பது ஸ்ரீராமபுரத்தில் ஒண்டுக் குடித்தனம். மகன் ஏழாம் வகுப்பு. மனைவி நோயில் படுத்து, நாலு மாதத்தில் கண்ணை மூடிவிட்டாள். திருப்பத்தூர்ப் பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டு போய், பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாம் முறைப்படி நடந்தது.

ஊரில் இருந்த பதினாறு நாளும் துக்கத்துக்குத் துணை இருந்தது. திண்ணை நிறைய ஆள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதார்கள், பழைய கதை பேசினார்கள், ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல் எழுந்து போனார்கள். அடுத்த வேளை என்ன சமையல் என்பதை யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

பெங்களூர் திரும்பியதும் அத்தனையும் நின்றுவிட்டது. ஆபீசில் நாலு பேர் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தார்கள். மறுநாள் சரக்குப் பட்டியலில் தவறு வந்ததற்கு மேலதிகாரி கோபித்துக்கொண்டார். அது அவர் குற்றம் அல்ல. நகரத்தில் ஒருவருடைய துக்கத்துக்கு ஒரு நாள்தான் இடம் உண்டு.

வாரத்தில் ஆறு நாள் வேலை இழுத்துக்கொண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் பாரம். அப்பாவும் மகனும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அரிசி அளக்கும்போது கை தானாகவே மூன்று பேருக்கு அளந்துவிடும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார் அப்பா. மகன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருப்பான். அம்மாவைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. பேசினால் மற்றவர் அழுதுவிடுவாரோ என்ற அச்சம் இருவருக்கும்.

இந்த இடத்தில்தான், ‘எங்காவது வெளியே போய் வாருங்கள்’ என்று எல்லோரும் சொல்லுவார்கள். எங்கே போவது? சினிமாவுக்குப் போக மனம் வராது. பூங்காவில் உட்கார்ந்தால், அறையில் உட்கார்ந்திருந்தது போலவே இருக்கும். துக்கப்படுகிறவனுக்கு வெளியே போவதற்கு ஒரு காரியம் வேண்டும். கால்களுக்கு ஒரு வேலை வேண்டும். இந்த விளையாட்டு அந்த வேலையைத் தருகிறது.

எப்படிப் பிறந்தது?

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகிறது. நம் கையில் உள்ள கருவி குறைந்தது நாலு செயற்கைக்கோள்களின் செய்தியைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது.

ராணுவத்துக்காக அமைந்த இந்த ஏற்பாட்டில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் கணக்கில் மட்டும் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். 100 மீட்டர் வரை தவறு வரும். அதை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்கலாம். மரத்தடிப் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளிண்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழையை நீக்கினார்கள். உலகம் முழுவதும் இருந்த கருவிகள் ஒரே இரவில் பல மடங்கு துல்லியம் பெற்றன.

மே 3-ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்ற கணிப்பொறி ஆலோசகர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டோரமாக ஒளித்து வைத்தார். உள்ளே ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில், சில புத்தகங்கள், ஓர் உண்டிவில், ஒரு டின் அவரை விதை ஆகியவை இருந்தன. ‘ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒன்றை வையுங்கள்’ என்பதுதான் அவர் வகுத்த விதி. இடத்தின் எண்களைக் கணிப்பொறி வழியாக அறிவித்தார். மூன்றே நாளில் பெட்டி தேடுகிறவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். முதலில் கண்டெடுத்தவர் மைக் டீக் என்பவர்.

அதே மாத இறுதியில் மாட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேச்சிங்’ என்ற பெயரைச் சூட்டினார். ‘ஜியோ’ என்றால் பூமி. ‘கேச்’ என்பது ஒளித்து வைத்த சேமிப்பு. செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு பொதுப் பட்டியல் தொடங்கியபோது அதில் இருந்தவை 75 பெட்டிகள். இன்று அந்த எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தியாவிலும் பெங்களூர், மும்பை, டெல்லி போன்ற நகரங்களில் பெட்டிகள் உண்டு.

புட்டியில் போட்ட சீட்டு

செயற்கைக்கோள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு முன்னோடி இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்ற பரந்த சதுப்பு மேடு இருக்கிறது. 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எளிதில் போய்ச் சேர முடியாத இடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். பிற்காலத்தில் தங்கள் விலாசம் எழுதிய தபால் கார்டை விட்டுச் செல்லும் பழக்கம் வந்தது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பார். முன்பின் தெரியாத ஒருவர் நம் கடிதத்தைச் சுமந்து வந்து சேர்க்கிறார் என்பதில்தான் அதன் சுவை.

அதே டார்ட்மூரில் டக்ஸ் பூல் என்ற இடத்தில் 1938-ல் வைத்த பெட்டி ஒன்று உண்டு. அந்த மேடு முழுவதையும் வாழ்நாளெல்லாம் நடந்து பார்த்து எழுதிய வில்லியம் கிராசிங் என்பவர் 1928-ல் காலமானார். பத்து ஆண்டு கழித்து, அவர் நினைவாக அங்கே கல்வெட்டுப் பதித்து ஒரு பெட்டியும் வைத்தார்கள். சிலை வைத்திருந்தால் பார்த்துவிட்டுப் போவார்கள். பெட்டி வைத்ததால், அவர் நடந்த வழியில் தாமும் நடந்து போய்த்தான் அவரை நினைக்க முடியும். இறந்தவருக்காக ஒளிபெட்டி வைக்கும் எண்ணம் புதியது அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

ஆடும் முறை

செல்போனில் இதற்கான செயலியை இறக்கிக்கொண்டு ஒரு புனைபெயரில் பதிவு செய்தால் போதும். அடிப்படை வசதிக்குக் கட்டணம் இல்லை. சில பெட்டிகள் மட்டும் சந்தா கட்டியவர்களுக்கு உரியவை. தேடும் சிரமத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண், நடக்கும் பாதையின் கடுமைக்கு ஒன்று முதல் ஐந்து வரை இன்னோர் எண் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எண்கள் இருக்கும். புதியவர்கள் இரண்டும் ஒன்றாக உள்ள பெட்டியில் தொடங்குவது நல்லது.

திறந்த வெளியில் செல்போன் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை சரியாகக் காட்டும். உயர்ந்த கட்டடங்களுக்கும் அடர்ந்த மரங்களுக்கும் நடுவே அது தடுமாறும். ஆகவே கடைசிப் பத்தடிக்குக் கருவியை நம்பிப் பயனில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால்தான் தேட வேண்டும். பெட்டி சோற்றுத் தூக்கு அளவும் இருக்கலாம், சுண்டு விரல் நுனி அளவும் இருக்கலாம். பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பாம்பும் தேளும் அங்கே குடியிருக்கும்.

பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்குச் சமமான அல்லது கூடுதல் மதிப்புள்ள பொருளை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது. எறும்பும் எலியும் பெட்டியை அழித்துவிடும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் எந்தப் பெட்டியும் வைக்கக் கூடாது.

பெட்டியே இல்லாத வகையும் உண்டு. அமெரிக்கப் புவியியல் சங்கம் 2004-ல் தொடங்கிய ‘எர்த்கேச்’ என்ற வகையில், ஓர் இடத்துக்குப் போய் அங்கே உள்ள பாறையையோ அருவியையோ கவனித்து, கேட்ட கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். பெங்களூர்வாசிகளுக்கு லால்பாக் பாறை தெரியும். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறை 300 கோடி ஆண்டு பழமையானது என்று புவியியலார் கணிக்கிறார்கள். பூச்செடி பார்க்கப் போகிறவர்கள் அதன் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அது என்ன பாறை என்று குனிந்து பார்க்க வைப்பது இப்படிப்பட்ட விளையாட்டுதான்.

‘தேடினேன், கிடைக்கவில்லை’

மேலே சொன்ன விதிகளை விட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. பெட்டி கிடைத்தால் மட்டுமல்ல, கிடைக்காவிட்டாலும் பதிவு செய்ய வேண்டும். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று எழுதுவதற்கென்றே தனி இடம் உண்டு. அதில் அவமானம் ஏதும் இல்லை. நாலைந்து பேர் அப்படி எழுதினால், பெட்டி வைத்தவர் வந்து பார்த்துச் சரி செய்வார். ஆகவே கிடைக்கவில்லை என்று உண்மையாக எழுதுவது பின்னால் வருகிறவர்களுக்குச் செய்யும் உதவி.

நம் குமாஸ்தாவையும் அவர் மகனையும் இப்போது திரும்பப் பார்ப்போம். பள்ளி நண்பன் ஒருவன் சொல்லி, மகன் செல்போனில் இந்த விளையாட்டைக் காட்டுகிறான். அப்பாவுக்கு அக்கறை இல்லை. ஆனால் பிள்ளை தானாக ஒன்றைக் கேட்டு வெகு நாள் ஆயிற்று என்பதால் கிளம்புகிறார். பஸ் ஏறி, இறங்கி, நடந்து, ஒரு மரத்தடிக்கு வருகிறார்கள். அரை மணி நேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

“இல்லேப்பா. போயிடலாமா?” என்கிறான் மகன்.

“இன்னும் கொஞ்சம் பாருடா. இல்லேன்னா இல்லேன்னு எழுதிட்டுப் போவோம்.”

‘இல்லை’ என்ற அந்தச் சொல்லை மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. ஒரு மரத்தடியில், ஒரு சின்னப் பெட்டியைச் சாக்காக வைத்து, அது வாயில் வந்துவிட்டது. திரும்பும் வழியில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபோது மகன், “அம்மா இருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்க. நம்ம தொலைச்ச சாமான் எல்லாம் அவங்கதானே எடுத்துக் கொடுப்பாங்க” என்கிறான். அப்பா தலையாட்டுகிறார். பேச்சு தொடங்கிவிட்டது.

எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததைப் பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசிவிடலாம். முகம் பார்க்க வேண்டியதில்லை. கண் பாதையில் இருக்கிறது, கை புதரை விலக்குகிறது. நின்ற இடத்தில் பேச்சு நின்றாலும் அது மௌனமாகத் தோன்றாது, தேடுவதாகத்தான் தோன்றும். ஆண் பிள்ளைகளுக்கும் அப்பாக்களுக்கும் இது பெரிய சௌகரியம்.

அறிஞர்கள் சொல்வது

துக்கத்தை ஒரே மூச்சில் அழுது தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி, அதை மறந்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற மனவியல் அறிஞர்கள் 1999-ல் வெளியிட்ட கருத்து இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இழந்தவரை எண்ணி ஏங்குவது ஒரு பக்கம். அவர் இல்லாத வாழ்க்கையின் புதிய வேலைகளைக் கற்றுக்கொள்வது மறு பக்கம். மனம் இந்த இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் போலப் போய்ப் போய் வர வேண்டும். ஏதாவது ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டால்தான் துன்பம் என்பது அவர்கள் கருத்து.

பெட்டி தேடும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊஞ்சலுக்கு ஒரு தள்ளு கொடுக்கிறது. இரண்டு மணி நேரம் மனம் எண்களிலும் மரங்களிலும் இருக்கிறது. பிறகு நினைவு வருகிறது. வந்த நினைவு மறுபடி பாதையில் கரைகிறது. துக்கம் தீரவில்லை, ஆனால் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் மனம் தேறும் என்று மேல்நாட்டில் வெகு காலம் நம்பியிருந்தார்கள். அது தவறு, உறவு வேறு வடிவத்தில் தொடர்வதே இயல்பு என்று 1996-ல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்ற மூவர் தொகுத்த நூல் எடுத்துக்காட்டியது. அமாவாசைக்கும் திதிக்கும் இலை போட்டுப் படைக்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இந்த விளையாட்டில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ‘டிராவல் பக்’ என்று ஒரு சிறு உலோகச் சின்னம் விற்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தனி எண் பொறித்திருக்கும். ஒரு பொருளோடு அதைக் கட்டி ஒரு பெட்டியில் போட்டுவிட்டால், கண்டெடுத்தவர் எடுத்துப் போய் வேறொரு பெட்டியில் போடுவார். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போயிற்று என்பதை எண்ணைக் கொண்டு வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற விருப்பத்தையும் உடையவர் எழுதி வைக்கலாம். மறைந்த தாய்க்காக, தம்பிக்காக, குழந்தைக்காக இப்படிச் சின்னங்களை அனுப்பியவர்கள் பல நாடுகளிலும் உண்டு. ‘கடலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், பார்க்காமலே போய்விட்டாள்’ என்று ஒருவர் எழுதி வைத்தால், முகம் தெரியாத யாரோ ஒருவர் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்து அனுப்பக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சின்னங்கள் வழியில் தொலைந்துபோவது சாதாரணம். அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவி வளையத்தையே கட்டி அனுப்பிவிட்டு, அது தொலைந்தால் இரண்டாவது துக்கம் ஆகிவிடும். அசல் வீட்டில் இருக்கட்டும். அது போன்ற வேறொன்றை அனுப்புங்கள்.

ஊர் என்ன சொல்லும்?

சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை. பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுவதில்லை. அப்படி இருக்க, பெட்டி தேடப் போனதைக் கேள்விப்பட்டால் உறவினர் சும்மா இருப்பார்களா? நம் குமாஸ்தாவின் அக்காள் ஊரிலிருந்து போன் செய்கிறாள்.

“ஏண்டா தம்பி, வருஷம் திரும்பலை. அதுக்குள்ளே உனக்கு என்னடா விளையாட்டு? நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?”

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வருஷம் விலக்கு வைத்த முன்னோர், துக்கத்துக்கு மரியாதை வேண்டும், அவசரப்பட்டு மூடி மறைக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். ஆனால் ஊரில் அந்த ஒரு வருஷத்துக்குத் துணையாகத் திண்ணையும் தெருவும் இருந்தன. துக்க வீட்டுக்காரன் வெளியே போகாவிட்டாலும் ஊர் உள்ளே வந்துகொண்டிருந்தது. பெங்களூரில் ஒண்டுக் குடித்தனத்தின் கதவைத் தட்ட யாரும் வருவதில்லை. அங்கே வெளியே போகாமல் இருப்பது மரியாதை ஆகாது, சிறைவாசம் ஆகிவிடும்.

“விளையாட்டு இல்லேக்கா. பையன் வாயைத் திறந்து பேசறான்” என்று அவர் சொல்கிறார். அக்காளிடமிருந்து சற்று நேரம் பதில் இல்லை. “சரி, வெயில்லே அலையாதீங்க. குடிக்கத் தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க” என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

கவனிக்க வேண்டியவை

தேடுகிறவர்களும் பெட்டி வைக்க நினைப்பவர்களும் சில விஷயங்களை மறக்கக் கூடாது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் அறிவிப்புச் செய்யும் நாடு நம்முடையது. அந்த அச்சத்துக்குக் காரணமான சம்பவங்கள் உண்மையிலேயே நடந்தவை. ஆகவே ரயில் நிலையம், பஸ் நிலையம், விமான நிலையம், ராணுவ எல்லை, அரசு அலுவலகம், கோயில், மசூதி, தேவாலயம் ஆகியவற்றின் அருகே பெட்டி வைக்கும் எண்ணமே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களிலும் கூடாது. பெட்டி உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி இருக்கட்டும்; இது விளையாட்டுப் பெட்டி என்று அந்த ஊர் மொழியில் எழுதி ஒட்டுங்கள்.

போலீஸ்காரரோ காவலாளியோ கேட்டால் ஒளிக்காமல் செல்போனைக் காட்டி விளக்குங்கள். புதருக்குள் குனிந்து எதையோ தேடுகிற வெளியூர்க்காரரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வருவது இயல்பு. இரண்டு சொல் கன்னடம் அங்கே நாலு பக்க விளக்கத்தை விட உதவும். இருட்டிய பிறகு தேட வேண்டாம். பெண்களும் பிள்ளைகளும் துணையில்லாமல் ஒதுக்குப்புறமான இடத்துக்குப் போக வேண்டாம்.

நம் நகரங்களில் பெட்டிகள் பல காணாமல் போயிருக்கும். குப்பை என்று பெருக்கித் தள்ளியிருப்பார்கள், அல்லது யாராவது குழந்தை எடுத்துப் போயிருக்கும். ‘கிடைக்கவில்லை’ என்று எழுதும் வாய்ப்பு இங்கே அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

நடந்து தீராத துக்கம்

எல்லாத் துக்கத்துக்கும் இது மருந்து என்று சொன்னால் பொய்யாகிவிடும். பெரும்பாலோருக்குக் காலமும் துணையும் போதும். சிலருக்கு மட்டும், மாதங்கள் பல கடந்தும் துயரின் வேகம் சற்றும் குறையாமல், உண்பது, உறங்குவது, வேலைக்குப் போவது எல்லாமே நின்றுவிடும். இதை நீடித்த துயர்க் கோளாறு என்று மருத்துவம் இப்போது தனியாகவே பெயரிட்டிருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதங்களுக்கு மேல் இந்த நிலை நீடிப்பதை ஓர் அடையாளமாகச் சொல்கிறது. இது பைத்தியம் அல்ல, பலவீனமும் அல்ல. சிகிச்சையால் குணமாகக் கூடியது.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இந்த ஏற்பாட்டுக்குத் தலைமை மையமாக இருப்பது பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையம். செத்துப் போய்விடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் பெட்டி தேடப் போக வேண்டாம்; முதலில் இந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்.

மற்றவர்களுக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் சீட்டுச் செலவுதான். பெட்டி வேண்டாம் என்றால் வேறு ஏதாவது ஒரு தேடல் இருக்கட்டும். ஊரில் உள்ள பழைய கல்வெட்டுகளைத் தேடலாம், ஏரிகளைத் தேடலாம். போய்ச் சேர ஓர் இடம், போனதற்கு ஒரு குறிப்பு, கூட நடக்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

நம் குமாஸ்தா வீட்டில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. இரண்டு பெட்டி கிடைத்தது, மூன்று கிடைக்கவில்லை. கிடைத்த பெட்டியின் குறிப்புப் புத்தகத்தில் மகன் மூன்று பெயர் எழுதினான், அப்பா தடுக்கவில்லை. இப்போது ஞாயிறு இரவுகளில் ஊரிலிருந்து அக்காளே போன் செய்துவிடுகிறாள்.

“என்னடா தம்பி, இந்த வாரம் கிடைச்சுதா?”

“இல்லேக்கா.”

“போவுது விடு. அடுத்த வாரம் பாத்துக்கலாம். பையன்கிட்டே போனைக் குடு.”